கூட வர ஆளில்லாத பிரசவம்

மதியச் சாப்பாட்டு நேரத்தில் சைதுன்னிசா கம்பெனி வாசலுக்கு வந்து நின்றதே அனுப்ரியாவுக்குச் சரியாகப் படவில்லை. மருத்துவமனைக்குப் போகிற நாளென்றால் அவள் காலையிலேயே வீட்டுக்கு வந்துவிடுவாள். சொல்லாமல் கொள்ளாமல் முதலிபாளையம் தொழிற்பேட்டை வரைக்கும் பஸ் ஏறி வருகிற ஆள் அல்ல. வாட்ச்மேன் உள்ளே வந்து அனுப்ரியாவின் தோளைத் தட்டி, வாசல் பக்கம் கையைக் காட்டினார். அவள் டிபன் பாக்ஸை மூடிவைத்துவிட்டு, ஏழு மாத வயிற்றை ஒரு கையால் தாங்கியபடி வெளியே போனாள்.

சைதுன்னிசா கேட்டுக்குப் பக்கத்தில் வெயிலிலேயே நின்றிருந்தாள். மற்ற நாட்களில் தூரத்தில் பார்த்ததுமே அவளுடைய கைகள் பேச ஆரம்பித்துவிடும். அன்றைக்கு அவை பையின் வாரை இறுகப் பிடித்திருந்தன. நலம் விசாரித்தாள், சாப்பிட்டாயா என்று கேட்டாள். பிறகுதான் வாயாலும் கையாலும் சேர்த்துச் சொன்னாள்.

"அடுத்த மாசத்துலருந்து நான் வர முடியாது அம்மிணி. எங்களுக்கு வந்துட்டிருந்த மானியத்தை நிறுத்திப் போட்டாங்க."

அனுப்ரியாவுக்கு ஏழு வயதிலிருந்து காது கேட்காது. எதிராளியின் உதட்டைப் பார்த்தும், சைகைமொழியிலும்தான் அவளுக்கு உலகம் புரியும். சைதுன்னிசாவுக்குக் காது நன்றாகக் கேட்கும். ஆனால் அவளுடைய தம்பி முகமது ரபீக் பிறவியிலேயே கேளாதவன். அவனோடு விளையாடி, சண்டை போட்டு வளர்ந்ததில் சைகைமொழி அவளுக்கு இன்னொரு தாய்மொழி ஆகிவிட்டது. ஓர் அறக்கட்டளை அவளை மொழிபெயர்ப்பாளராக வைத்திருந்தது. சுற்றுவட்டாரத்தில் காது கேளாதவர் யாராவது மருத்துவமனைக்கோ வங்கிக்கோ போலீஸ் ஸ்டேஷனுக்கோ போக வேண்டுமென்றால் வாட்ஸப்பில் ஒரு தகவல் போட்டால் போதும், வந்து நிற்பாள். அவளுடைய சம்பளம் அரசு மானியத்திலிருந்து வந்தது.

இப்போது அந்தத் திட்டத்தைச் சீரமைக்கிறார்கள் என்று அவள் விளக்கினாள். இனிமேல் அமைப்புகளுக்குப் பணம் கிடையாது. உதவி நேராகச் சம்பந்தப்பட்டவருக்கே போய்ச் சேரும். ஒவ்வொருவருடைய காதையும் மறுபடி பரிசோதிப்பார்கள். தகுதி உள்ளவர்களுக்கு ஓர் எண் தருவார்கள். கைப்பேசியில் அந்த எண்ணைப் போட்டு வீடியோ அழைப்பில் கூப்பிட்டால், எங்கோ ஒரு நகரத்தில் உட்கார்ந்திருக்கும் மொழிபெயர்ப்பாளர் திரையில் வருவார்.

"கேக்கறதுக்கு நல்லாத்தான் இருக்குது. ஆனா பிரசவ வார்டுக்குள்ள போனை விட மாட்டாங்களே கண்ணு. அதான் நேர்ல சொல்லிப்போடலாம்னு வந்தேன்."

அனுப்ரியா தலையாட்டினாள். சரிங்கக்கா, பார்த்துக்கொள்ளலாம் என்றாள். திரும்பி வந்து செக்கிங் டேபிளில் உட்கார்ந்தாள். பனியன்களை விரித்துப் பார்த்து, ஓட்டை இருந்தாலும் எண்ணெய்க் கறை இருந்தாலும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளிவைப்பது அவள் வேலை. அன்று மதியம் கறை படிந்த உருப்படிகள் பலவற்றை அவள் நல்லவற்றோடு அடுக்கிவிட்டாள். சூப்பர்வைசர் அவற்றைத் திருப்பிக் கொண்டுவந்து முகத்துக்கு முன்னால் ஆட்டிக் காட்டியபோது அதற்கும் தலையாட்டினாள்.

தலையாட்டுவது சின்ன வயதுப் பழக்கம். சேவூரில் இரண்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தபோது மூளைக்காய்ச்சல் வந்தது. காய்ச்சல் விட்டபோது காது போயிருந்தது. அதுவரை கற்ற பேச்சு மட்டும் வாயில் தங்கிவிட்டது. பேச்சு வருகிற பிள்ளைக்குக் காது கேட்காது என்றால் யாரும் நம்பவில்லை. டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பிப் பாடம் நடத்தும்போது அவருடைய முதுகுதான் தெரியும். புரிகிறதா என்று கேட்டால் புரியவில்லை என்று சொல்லலாம். சொன்னால் கவனிக்காத பிள்ளை என்று பெயர் வரும். தலையாட்டிவிட்டால் பிரச்சினை இல்லை. பள்ளிக்கூடம், கல்யாண வீடு, கம்பெனி எல்லா இடத்திலும் அந்த ஒரு அசைவை வைத்தே அவள் ஓட்டிக்கொண்டு வந்தாள்.

தரணீதரனிடம் மட்டும் அது தேவைப்படவில்லை. அவன் பிறவியிலேயே கேளாதவன், பிரிண்டிங் பட்டறையில் வேலை. காது கேளாதோர் சங்கத்துக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பூங்காவில் கூடுவார்கள். அங்கேதான் இருவரும் பழகினார்கள். அவளுக்குப் புரியாவிட்டால் அவன் மறுபடி சொல்வான். அதற்கும் புரியாவிட்டால் வேறு மாதிரி சொல்வான். அவனுக்கு இவள் சைகையில் பிழை விடுவதைப் பார்த்தால் சிரிப்பு வரும்.

முதல் குழந்தை உண்டானது கொரோனா சமயத்தில். ஊரே முகக்கவசம் போட்டிருந்தது. உதடுகள் எல்லாம் காணாமல் போயிருந்தன. பரிசோதனைக்குப் போன இடத்தில் டாக்டர் என்னவோ சொன்னார். புருவம் அசைந்தது, கவசத்தின் துணி அசைந்தது. அனுப்ரியா தலையாட்டிவிட்டு வந்தாள். ரத்தக் கொதிப்பு ஏறியிருக்கிறது, உடனே வந்து அட்மிட் ஆக வேண்டும் என்று சொன்னாராம். அது பின்னால்தான் தெரிந்தது. ஒரு நாள் மயங்கி விழுந்தாள். மருத்துவமனையில் கட்டிலோடு தள்ளிக்கொண்டு ஓடினார்கள். கண் விழித்தபோது வயிறு காலியாக இருந்தது. அங்கேயே போட்ட ஒரு ஊசியில் அவளுடைய முகம் வீங்கி மூச்சு அடைத்தது. வாயால் சொல்லத் தெரியாத தரணீதரன் நர்ஸின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தான். அவன் தகராறு செய்கிறான் என்று நினைத்து முதலில் செக்யூரிட்டியைக் கூப்பிட்டார்களாம்.

அதற்கப்புறம் பல வருஷங்கள் குழந்தை என்ற பேச்சையே அவள் எடுக்கவில்லை. சைதுன்னிசா பழக்கமான பிறகுதான் துணிச்சல் வந்தது. இந்தத் தடவை ஒவ்வொரு பரிசோதனைக்கும் அவள் கூடவே வந்து, டாக்டர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் கையில் கொடுத்தாள். பழைய மருத்துவமனையில் விசாரித்து, ஒத்துக்கொள்ளாமல் போனது பென்சிலின் வகை ஊசி என்று கண்டுபிடித்துச் சொன்னதும் அவள்தான். அவள் இருக்கிறாள் என்ற தைரியத்தில்தான் இந்த வயிறு வளர்ந்தது.

மறுபரிசோதனை முகாமை ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்திருந்தார்கள். உள்ளே பூராவும் காது கேளாதவர்கள். மேடையில் ஒருவர் மைக்கைப் பிடித்துப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். யாரும் எழுந்திருக்காததைப் பார்த்து அவருக்குக் கோபம் வந்தது. கூட வந்திருந்த உறவுக்காரர்கள் அங்குமிங்கும் ஓடி ஆளைப் பிடித்துவந்தார்கள். அனுப்ரியா கண்ணை எடுக்காமல் அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன் பெயரில் 'ப்' வரும்போது உதடு ஒட்டும். ஒட்டும்போதெல்லாம் நெஞ்சு திக்கென்றது.

உள்ளறைக்குத் துணையாள் யாரையும் விடவில்லை. காதில் ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்கும்போது அழுத்த வேண்டும். எதிரே உட்கார்ந்திருந்த பையன் கருவியின் குமிழைத் திருகினான். அனுப்ரியாவுக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அவன் விரல் அசைவது தெரிந்தது. அசைந்ததும் அவன் அவள் முகத்தைப் பார்ப்பதும் தெரிந்தது. அழுத்தாமல் இருந்தால் தப்பாகிவிடும் என்று தோன்றியது. இத்தனை வருஷமாக எதிராளி என்ன எதிர்பார்க்கிறார் என்று ஊகித்து அதைச் செய்தே பழகிய கை, யோசிப்பதற்குள் அழுத்திவிட்டது. மறுபடி விரல் அசைந்தது, மறுபடி அழுத்தினாள்.

மேஜைக்குப் பின்னால் இருந்த டாக்டர் பெயரையும் ஊரையும் வேலையையும் கேட்டார். அவர் முகக்கவசம் போடவில்லை, உதடு தெளிவாக இருந்தது. அவள் எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னாள்.

"நல்லாத்தானே பேசறீங்க," என்றார் அவர்.

அந்த நொடியில் அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பள்ளிக்கூடத்தில் கிடைக்காத பாராட்டு கிடைத்த மாதிரி இருந்தது. மண்டபத்தை விட்டு வெளியே வந்து, தரணீதரனிடம் நடந்ததைக் கைகளால் சொல்லிக்கொண்டு வரும்போது பாதியில் அவள் கைகள் நின்றன. அவன் முகம் மாறியிருந்தது.

கொஞ்ச நாளில் கைப்பேசிக்குத் தகவல் வந்தது. தரணீதரனுக்கு எண் கிடைத்துவிட்டது. அவளுடைய குறைபாடு வேண்டிய அளவுக்கு இல்லை என்று வந்தது. மேல்முறையீடு செய்யலாம், முடிவு தெரிய மாதங்கள் ஆகும் என்றார்கள். வயிற்றில் இருப்பது அதுவரை காத்திருக்காது.

அதன் பிறகு அவளைப் பயம் வேறு வேறு வேஷத்தில் வந்து பிடித்தது. பஸ்ஸில் யாராவது முகக்கவசம் போட்டு ஏறினால் உள்ளங்கை வியர்த்தது. குழந்தை உள்ளே உதைக்காமல் கொஞ்ச நேரம் இருந்தால் வேலையை விட்டுவிட்டு வயிற்றைத் தட்டித் தட்டிப் பார்த்தாள். டாக்டர் ஏதோ சொல்ல, தான் தலையாட்ட, கட்டிலைத் தள்ளிக்கொண்டு ஓட என்று அதே காட்சி திரும்பத் திரும்ப வந்தது. துணி மடித்துக்கொண்டிருக்கும்போது வரும். தோசை திருப்பும்போது வரும். தரணீதரனிடம் சொன்னால் அவனும் பயப்படுவான் என்று சொல்லவில்லை. அவனும் அதே காரணத்துக்காக எதுவும் கேட்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

சைதுன்னிசா இதற்குள் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் பேக்கிங் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவள், அனுப்ரியாவைச் சுவரோரம் நிற்கவைத்து, மருத்துவமனையில் சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பார்க்கச் சொன்னாள். எனக்குக் காது கேட்காது. முகக்கவசத்தை இறக்கிவிட்டுப் பேசுங்கள். பென்சிலின் எனக்கு ஆகாது. அவ்வளவுதான். அனுப்ரியா சொன்னாள். சைதுன்னிசா இல்லையென்று தலையை ஆட்டினாள், சத்தம் போதாது என்றாள். தன் குரல் எவ்வளவு உயர்கிறது என்று அனுப்ரியாவுக்குத் தெரியாது. சத்தமாகப் பேசியதற்காகச் சின்ன வயதில் வாங்கிய திட்டுகள் தொண்டையை இன்னும் அடைத்துக்கொண்டிருந்தன. பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்க்கும்வரை சைதுன்னிசா விடவில்லை.

வலி வந்த அன்று தரணீதரன் பட்டறைக்குப் போய்விட்டான். அவனுடைய அம்மா ரங்காத்தாள் துணைக்காக ஊத்துக்குளியிலிருந்து வந்திருந்தார். காலை வேலையெல்லாம் முடிந்து அனுப்ரியா தலை வாரிக்கொண்டிருந்தபோது காலோடு வெதுவெதுவென்று நீர் இறங்கியது. ரங்காத்தாள் ஆட்டோவுக்கு ஓடினார். அனுப்ரியா கணவனுக்கும் சைதுன்னிசாவுக்கும் தகவல் போட்டாள்.

மருத்துவமனை வாசலில் ரங்காத்தாள் ஒரு நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு மருமகளுக்குக் காது கேட்காது என்று எடுத்துச் சொன்னார். அந்த நர்ஸும் கேட்டுக்கொண்டாள். ஆனால் பிரசவ அறையின் கதவு திறந்தபோது அனுப்ரியாவை மட்டும் உள்ளே கூட்டிப்போனார்கள். கைப்பேசியை மாமியாரிடம் கொடுக்கச் சொல்லிவிட்டார்கள். சற்று நேரத்தில் ஷிப்ட் மாறியது. கேட்டுக்கொண்ட நர்ஸ் பையை மாட்டிக்கொண்டு கிளம்புவதை அனுப்ரியா கட்டிலிலிருந்து பார்த்தாள். கூப்பிட வாயெடுத்தாள். அதற்குள் ஒரு வலி வந்து முடிந்தது. வாசலில் யாரும் இல்லை.

அந்த அறையில் எல்லார் முகமும் பச்சைத் துணியால் மூடியிருந்தது. ஒருத்தி வந்து குனிந்து ஏதோ கேட்டாள். கண்ணில் அவசரம். அனுப்ரியா தலையாட்டினாள். இன்னொருத்தி வயிற்றில் பட்டையைக் கட்டி, பக்கத்திலிருந்த இயந்திரத்தை முடுக்கிவிட்டு ஏதோ சொன்னாள். அதற்கும் தலையாட்டினாள். பக்கத்துக் கட்டிலில் ஒரு பெண் வாயை அகலமாகத் திறந்து கழுத்து நரம்பு புடைக்கக் கத்திக்கொண்டிருந்தாள். சத்தமில்லாத அந்த வாயைப் பார்க்க முடியாமல் அனுப்ரியா கண்ணை மூடிக்கொண்டாள். மூடினால் யார் வருகிறார்கள் என்று தெரியாது, மறுபடி திறந்தாள்.

வயதான நர்ஸ் ஒருத்தி தட்டில் ஊசியோடு வந்து நின்றாள். அவள் புருவம் கேள்வியாக உயர்ந்தது. அனுப்ரியாவின் தலை தானாக அசைந்தது. நர்ஸ் அவள் கையைத் திருப்பி, பஞ்சால் துடைத்தாள். ஸ்பிரிட் பட்ட இடம் சில்லென்றது.

அந்தக் குளிர்ச்சி அவளுக்குப் பழக்கமானது. முகம் வீங்கி, மூச்சு அடைத்து, தரணீதரன் யாரையோ இழுத்துக்கொண்டு வந்த அன்றைக்கும் முதலில் இப்படித்தான் இருந்தது. அனுப்ரியா கையை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள்.

"எனக்குக் காது கேக்காதுங்க. நீங்க என்ன கேட்டீங்கன்னு தெரியாமயே தலையாட்டிட்டேன். மாஸ்க்கை எறக்கிச் சொல்லுங்க."

எவ்வளவு சத்தமாகச் சொன்னாளோ தெரியவில்லை. கத்திக்கொண்டிருந்த பக்கத்துக் கட்டில் பெண்ணே வாயை மூடிக்கொண்டு திரும்பிப் பார்த்தாள். நர்ஸின் கண்களில் எரிச்சல் தெரிந்தது. நன்றாகத்தானே பேசுகிறாய் என்று அவை கேட்பது கவசத்தைத் தாண்டியும் புரிந்தது. அனுப்ரியா பென்சிலின் ஆகாது என்பதைச் சொன்னாள். நர்ஸ் அசையாமல் நின்றாள். அனுப்ரியா அதே வார்த்தையைத் திரும்பவும் சொன்னாள்.

நர்ஸ் கையிலிருந்த ஊசியைப் பார்த்தாள். மெதுவாகத் தட்டில் வைத்தாள். பிறகு முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கினாள். சுருக்கம் விழுந்த, வெளிறிப்போன ஒரு வாய் வெளியே வந்தது.

"ஊசி மருந்தெல்லாம் ஒத்துக்குமான்னு கேட்டனே கண்ணு. அதுக்கு முன்னால ஒருத்தி கேட்டப்பவும் ஒத்துக்கும்னு நீ தலையாட்டுனதாச் சொன்னாளே."

"தெரியாதுங்க. எனக்கு எதுவுமே தெரியலீங்க."

சட்டையில் குத்தியிருந்த பெயர்ப் பட்டையில் நல்லம்மாள் என்று இருந்தது. அவர் தட்டை எடுத்துக்கொண்டு போய் வேறு மருந்தோடு வந்தார். போகும்போது மற்றவர்களிடம் தன் காதைத் தொட்டுக் காட்டி ஏதோ சொல்லிவிட்டுப் போனார். ஆனால் அவர் பார்க்க வேண்டிய கட்டில்கள் நிறைய இருந்தன. அனுப்ரியா அவருடைய முதுகைத் தொடர்ந்து கண்ணாலேயே போய்க்கொண்டிருந்தாள். அவர் திரைக்குப் பின்னால் மறையும்போதெல்லாம் மூச்சு நின்று, வெளியே வந்ததும் திரும்ப ஓடியது.

அப்போது இயந்திரத்தைப் பார்த்த ஒரு சின்ன நர்ஸின் கண்கள் விரிந்தன. அவள் யாரையோ கூப்பிட்டாள். ஒரு டாக்டர் வந்தார், இன்னொருவர் வந்தார். அனுப்ரியாவை இடப்பக்கம் புரட்டினார்கள், வலப்பக்கம் புரட்டினார்கள், மூக்கில் குழாய் வைத்தார்கள். வாய்களை மூடிய துணிகள் வேகமாக அசைந்தன. என்னவென்று அவள் கேட்டாள். ஒருவரும் திரும்பவில்லை. கட்டில் அசைந்து நகர ஆரம்பித்தது. மேலே விளக்குகள் ஓடின.

இதே விளக்குகள்தான். இதே ஓட்டம்தான். போன தடவை இதற்கு அப்புறம் எதுவும் மிஞ்சவில்லை. அனுப்ரியா வயிற்றை இரண்டு கைகளாலும் கட்டிப் பிடித்துக்கொண்டாள். உள்ளே அசைவு இருக்கிறதா, கட்டிலின் அதிர்வா என்று அவளால் பிரிக்க முடியவில்லை. குழந்தை போய்விட்டது, இவர்களுக்கெல்லாம் தெரிந்துவிட்டது, எனக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை என்று நினைத்தாள். கத்தினாளா, மனசுக்குள் சொன்னாளா என்று பிறகு எவ்வளவு யோசித்தும் அவளுக்கு நினைவு வரவில்லை.

ஆபரேஷன் தியேட்டர் வாசலில் கட்டில் நின்றது. நல்லம்மாள் ஓடிவந்திருந்தார். குனிந்து, கவசத்தை இறக்கி, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்.

"துடிப்புக் கொறையுது. ஆபரேசன் பண்ணி எடுக்கறோம். கொழந்தை உசுரோட இருக்குது. உசுரோட இருக்குது, தெரியுதா?"

தெரிகிறது என்று அனுப்ரியா வாயால் சொன்னாள். கதவு மூடியது.

வெளியே நடந்தது பின்னால்தான் அவளுக்குத் தெரிந்தது. தரணீதரன் சாயம் ஒட்டிய கையோடு வந்து சேர்ந்திருந்தான். ஆபரேஷனுக்குக் கையெழுத்துக் கேட்டார்கள். என்ன ஏது என்று புரியாமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்று அவன் நின்றான். தனக்குக் கிடைத்த எண்ணை வைத்து வீடியோ அழைப்புப் போட்டான். முதலில் படம் உறைந்து போனது. ஜன்னல் பக்கம் ஓடி மறுபடி போட்டான். திரையில் வந்த இளைஞன் டாக்டர் சொன்னதைக் கேட்டு, சைகையில் பொறுமையாக விளக்கினான். தாயின் நிலை, குழந்தையின் நிலை, ஏன் அவசரம், எல்லாவற்றையும் சொன்னான். எல்லாம் புரிந்த பிறகுதான் தரணீதரன் கையெழுத்துப் போட்டான். புதிய ஏற்பாடு அந்தக் கதவுக்கு வெளியே அவனுக்கு உண்மையாகவே உதவியது. கதவுக்கு உள்ளே தன் மனைவியிடம் யாராவது இதைச் சொன்னார்களா என்று அவன் கேட்டான். அதைத் தன்னால் பார்க்க முடியாது என்றான் திரையில் இருந்தவன்.

உள்ளே முதுகில் ஊசி போட்ட பிறகு இடுப்புக்குக் கீழே மரத்துப்போனது. மார்புக்கு மேலே பச்சைத் திரையைக் கட்டினார்கள். வலி போனதும் உடம்பு தனக்குச் சொல்லிக்கொண்டிருந்த செய்தியும் நின்றுவிட்டது. இனி அவளுக்குக் கண் ஒன்றுதான் மிச்சம். அதற்கும் திரைதான் தெரிந்தது. திரைக்கு மேலே தெரிந்த கண்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஒரு ஜோடிக் கண் சுருங்கியது. அது சிரிப்பா, கவலையா? இன்னொரு ஜோடி கீழேயே பார்த்துக்கொண்டிருந்தது. குளிரில் பற்கள் அடித்துக்கொண்டன.

பிறகு திரைக்கு மேலே ஒரு குழந்தையைத் தூக்கிக் காட்டினார்கள். நீலம் பாரித்த சின்ன உடம்பு. ரத்தமும் வெள்ளைப் பிசுக்கும் அப்பியிருந்தது. வாய் திறந்திருந்தது. கண்கள் இறுக மூடியிருந்தன.

திறந்த வாய்க்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியவில்லை. அழுகிற குழந்தைக்கும் அப்படித்தான் வாய் திறக்கும், அழாத குழந்தைக்கும் அப்படித் திறந்திருக்கலாம். குழந்தையை ஓரத்துக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு மூன்று முதுகுகள் அதைச் சூழ்ந்துகொண்டன. யாரோ எதையோ தேய்ப்பது தெரிந்தது. முதுகுகள் விலகவே இல்லை.

"அழுகுதுங்களா?" என்று கேட்டாள். தலைமாட்டில் உட்கார்ந்திருந்தவர் குனிந்து பார்த்தார். அவளுடைய உதடு காய்ந்து ஒட்டியது. பிய்த்துத் திறந்து மறுபடி கேட்டாள். "கொழந்தை அழுகுதுங்களா?"

அந்தத் தலைமாட்டு டாக்டர், இளம்பெண்தான், ஒரு கணம் தயங்கினாள். தியேட்டருக்குள் கவசத்தை இறக்கக் கூடாது. தன் விரலால் அனுப்ரியாவின் கன்னத்தில் கண்ணீர் வழிகிற பாதையை மேலிருந்து கீழே கோடாக இழுத்துக் காட்டினாள். பிறகு கட்டை விரலை உயர்த்தினாள். அழுகிறது. நன்றாக அழுகிறது.

பெண் குழந்தை. அக்ஷரா என்று பெயர் வைத்தார்கள்.

சாயங்காலம் ஷிப்ட் முடித்து வந்த சைதுன்னிசா, வார்டில் கட்டிலோரம் உட்கார்ந்து, நடந்ததையெல்லாம் அனுப்ரியாவின் கைகளிலிருந்து கேட்டுத் தெரிந்துகொண்டாள். ஊசி விஷயம் வந்தபோது அவள் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுவிட்டாள். வர முடியாமல் போனது அவளுடைய குற்றம் அல்ல என்று தோளைத் தொட்டுச் சொல்ல அனுப்ரியாவுக்குக் கை எட்டவில்லை; தையல் இழுத்தது.

தையல் ஆறிய பிறகு சங்கத்துக்காரர்களோடு சேர்ந்து கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்குப் போனாள். குழந்தை தரணீதரன் தோளில் இருந்தது. அங்கிருந்த அதிகாரியும், நன்றாகப் பேசுகிறாளே என்றுதான் முதலில் பார்த்தார். அவள் பிரசவ அறையில் நடந்ததைத் தொடங்கி முடிக்கும்வரை பேசினாள். பேசத் தெரிவது வேறு, கேட்பது வேறு என்று சொன்னாள். முகாமில் பட்டனை அழுத்தியது சத்தத்தைக் கேட்டு அல்ல, பையனின் விரலைப் பார்த்து என்பதையும் மறைக்கவில்லை. அதைச் சொல்லும்போது மட்டும் வெட்கமாக இருந்தது.

வேறொரு மருத்துவமனையில் மறுபடி சோதித்தார்கள். தலையில் கம்பிகளை ஒட்டிப் படுக்கவைத்தார்கள். எதையும் அழுத்தத் தேவையில்லை. தூங்கினாலும் போதும், மூளையே பதில் சொல்லிவிடும் என்றார்கள். அவளுக்குக் காது அறவே கேட்காது என்று அந்தச் சோதனை சொன்னது. அவளுக்கும் எண் வந்தது. பிரசவ அறைக்குள் கைப்பேசியை அனுமதிப்பதைப் பற்றி யோசிக்கிறோம் என்றார்கள், இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். சைதுன்னிசாவின் வேலை திரும்பி வரவில்லை. அவள் பேக்கிங்கிலேயே இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் யாராவது கூப்பிட்டால் போகிறாள். நோயும் வலியும் ஞாயிற்றுக்கிழமை பார்த்து வருவதில்லை.

அக்ஷராவுக்குக் காது நன்றாகக் கேட்கிறது. கேட்காமல் போயிருந்தாலும் பரவாயில்லை என்று தரணீதரன் சொன்னான். அனுப்ரியாவால் அப்படிச் சொல்ல முடியவில்லை. அந்த அறையில் தான் கிடந்தது போல இன்னொரு உயிர் கிடக்கக் கூடாது என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

போன வாரம் அவளுடைய கைப்பேசிக்கு ஒரு வீடியோ வந்தது. அவிநாசிப் பக்கத்துப் பெண், சண்முகப்பிரியா என்று பெயர், சங்கத்தில் இரண்டொரு முறை பார்த்திருக்கிறாள். பிறவியிலேயே கேளாதவள், பேச்சும் கிடையாது. திரையில் அவள் முதலில் தன் வயிற்றைக் காட்டினாள். பிறகு கதவு, முகமூடி, ஊசி என்று வேகவேகமாகக் கைகளை ஆட்டினாள். கடைசியில் ஒரு கேள்வி. அன்றைக்கு என்னோடு யார் வருவார்கள்?

அனுப்ரியா அதை மூன்று நான்கு தடவை போட்டுப் பார்த்தாள். அக்ஷரா மடியில் பால் குடித்துக்கொண்டிருந்தாள். நான் வருகிறேன் என்று பதில் எடுத்து அனுப்பினாள். தன்னால் பேச முடியும், கேட்க முடியாது. தன்னை உள்ளே விடுவார்களா என்பதும் தெரியாது. அனுப்பிய பிறகு நெஞ்சு அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. அதைக் கேட்டோ என்னவோ, குழந்தை குடிப்பதை நிறுத்திவிட்டு அவள் முகத்தைப் பார்த்தது.